ஒரே புற்றுநோய், வேற வேற சிகிச்சை: பயாப்ஸி ரிப்போர்ட்ல என்ன இருக்கு?

இன்னைக்கு எபிசோட் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பத்தி. அறிகுறி, சுய பரிசோதனை, மேமோகிராம் இதெல்லாம் ஏற்கெனவே நிறைய இடத்துல கேட்டிருப்பீங்க. நான் பேசப்போறது அதுக்கு அடுத்த கட்டத்தை. கட்டி இருக்கு, அது புற்றுதான்னு உறுதியாயிடுச்சு. இனிமே என்ன?

இந்தக் கேள்வி வரும்போது நிறைய வீடுகள்ல ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலையறது நம்ம வயசு ஆளுங்கதான். அம்மாவுக்காக, அத்தைக்காக, பெரியம்மாவுக்காக. அப்பாயின்ட்மென்ட் போடறது, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பறது, இன்சூரன்ஸ் கவுன்ட்டர்ல மல்லுக்கு நிக்கிறது எல்லாம் நாமதான். சில பேருக்கு அந்த ஃபைலே அவங்களோடதுதான். மேற்கு நாடுகளோட ஒப்பிட்டா, இந்தியாவுல சராசரியா பத்து வருஷம் முன்னாடியே இந்த நோய் வருது. 2022-ல மட்டும் நம்ம நாட்டுல 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதுசா வந்திருக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டிருக்கு.

நான் டாக்டர் இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடி என் சித்தியோட ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவ. அப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் அதுக்கப்புறம் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். உங்க வீட்டு ஆளுக்கு என்ன சிகிச்சைன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். அவர் சொல்றது புரியறதுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்கறதுக்கும் இந்த எபிசோட் உதவினா போதும்.

எல்லா வெயிட்டிங் ஹால்லயும் ஓடற ஒரு பேச்சிலிருந்து ஆரம்பிக்கறேன். "அந்தக்காவுக்கு ஆறு கீமோவாம். எங்கம்மாவுக்கு வெறும் மாத்திரைதான் குடுத்திருக்காங்க. டாக்டர் சரியாத்தான் பார்க்கறாரா?" ரெண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே ஸ்டேஜ்கூட. அப்புறம் ஏன் வேற வேற சிகிச்சை?

ஏன்னா, மார்பகப் புற்றுநோய்ங்கறது ஒரே நோய் இல்லை. ஒரே இடத்துல வர்ற பல நோய்களுக்கு நாம வெச்சிருக்கற பொதுப் பேரு. எது வந்திருக்குன்னு சொல்றது ஸ்கேன் இல்லை, பயாப்ஸி.

அதனால முதல் விஷயம் பயாப்ஸி. நம்ம ஊர்ல ஒரு பயம் உண்டு. "ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா கிளம்பிடும்." இந்தப் பயத்துல சில பேர் டெஸ்ட்டே எடுக்காம வருஷக்கணக்குல தள்ளிப்போடறாங்க. வேற சில பேர் பக்கத்து நர்சிங் ஹோம்ல, என்ன கட்டின்னு தெரியறதுக்கு முன்னாடியே கட்டியை அப்படியே அறுத்து எடுத்துடறாங்க. பயாப்ஸி எடுக்கறதால ஒரு ஸ்டேஜ் நோய் அடுத்த ஸ்டேஜுக்குப் போயிடாது. ஆனா டெஸ்ட் பண்ணாம கட்டியை எடுத்துட்டா சிக்கல் வரும். ஓரம் சரியா எடுத்தாங்களான்னு தெரியாது, திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கலாம், முதல்ல மருந்து குடுத்துப் பார்க்கற வாய்ப்பும் போயிடும். சரியான முறை, கொஞ்சம் தடிமனான ஊசியால கட்டியிலிருந்து நூல் மாதிரி ரெண்டு மூணு துண்டு சதை எடுக்கறது. இதுக்குக் கோர் பயாப்ஸின்னு பேரு. மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் எடுப்பாங்க. அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

அந்தத் துண்டை வெச்சு ரெண்டு ரிப்போர்ட் வரும். புற்றா இல்லையா, எந்த வகை, எந்த கிரேடுன்னு சொல்றது முதல் ரிப்போர்ட். சில நாள் கழிச்சு வர்றது ஐஎச்சி ரிப்போர்ட். முதல் ரிப்போர்ட் வந்ததுமே வீட்ல எல்லாரும் பதறிப்போய் ஆபரேஷன் தேதி கேட்பாங்க. ஆனா சிகிச்சையோட வழியைத் தீர்மானிக்கறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது காகிதம்தான். அதுல மூணு வரி இருக்கும்: ஈஆர், பிஆர், ஹெர்-2.

ஈஆர், பிஆர் ரெண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டது. பெண்களோட உடம்புல ஓடற ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்களைப் பிடிச்சுக்கற ஏற்பிகள் அந்தப் புற்றுசெல்கள்ல இருக்கான்னு பார்க்கறாங்க. இருந்தா பாசிட்டிவ். அதாவது, அந்தப் புற்று ஹார்மோனைத் தின்னு வளருது. அப்படின்னா அதோட சாப்பாட்டை நிறுத்தலாம்.

அதுக்குத்தான் டமாக்சிஃபென் மாதிரி மாத்திரைகள். இந்த மருந்தோட கதை வேடிக்கையானது. 1960களில் பிரிட்டனில் ஐசிஐ கம்பெனி கருத்தடை மாத்திரை கண்டுபிடிக்கப் போய்க் கிடைச்சது இது. கருத்தடைக்குச் சரிப்படலை. மார்பகப் புற்றுநோய்க்குச் சரிப்பட்டது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெண்களைக் காப்பாத்தின மாத்திரை, நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்ல குறைஞ்ச விலைக்கே கிடைக்குது. மாதவிலக்கு நின்னவங்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் மாதிரி வேற வகை மாத்திரை குடுப்பாங்க. எதுவா இருந்தாலும் குறைஞ்சது அஞ்சு வருஷம் தினமும் சாப்பிடணும், சில பேருக்குப் பத்து வருஷம்கூட. "வெறும் மாத்திரைதானே"ன்னு நாம சொல்றோம். மூட்டு வலி, உடம்பு குப்புனு சூடாகிறது, தூக்கம் வராததுன்னு அதுலயும் கஷ்டம் உண்டு. பாதியில நிறுத்தறவங்க நிறைய பேர். வெளியில யாருக்கும் தெரியாது, அதனால யாரும் விசாரிக்கவும் மாட்டாங்க.

அடுத்தது ஹெர்-2. இது செல்லை வேகமா பெருகச் சொல்ற ஒரு புரதம். ரிப்போர்ட்ல 0, 1+, 2+, 3+ன்னு இருக்கும். 0, 1+ வந்தா நெகட்டிவ். 3+ வந்தா பாசிட்டிவ். 2+ வந்தா ரெண்டுங்கெட்டான். அப்போ ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் முடிவு சொல்லணும். உங்க ரிப்போர்ட்ல 2+னு இருந்து யாரும் ஃபிஷ் பத்திப் பேசலைன்னா, நீங்களே கேளுங்க. கூச்சப்படாதீங்க.

ஒரு காலத்துல ஹெர்-2 பாசிட்டிவ்னாலே டாக்டர்கள் முகம் வாடிடும். ரொம்ப வேகமா பரவற வகை அது. 1998-ல ட்ராஸ்டுசுமாப்ங்கற மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதும் நிலைமை மாற ஆரம்பிச்சது. ஹெர்செப்டின்ங்கற பேர்ல கேள்விப்பட்டிருப்பீங்க. ஹெர்-2 புரதத்தைக் குறிவெச்சுத் தாக்கற மருந்து. ஆனா விலை? சாதாரணக் குடும்பம் நினைச்சுப் பார்க்க முடியாத விலை. 2014 வாக்கில் இந்திய கம்பெனிகள் இதே மருந்தோட பயோசிமிலர், அதாவது அதுக்கு இணையான மருந்தை, சந்தைக்குக் கொண்டு வந்தாங்க. விலை இறங்கிச்சு. இன்னும் சல்லிசுன்னு சொல்ல முடியாது, ஆனா கை எட்டற தூரத்துக்கு வந்திருக்கு. வழக்கமா மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு வருஷம். இதயத்தைக் கொஞ்சம் பாதிக்கலாம்ங்கறதால நடுநடுவுல எக்கோ எடுப்பாங்க.

ஈஆர், பிஆர், ஹெர்-2 மூணும் நெகட்டிவ்னா அதுதான் ட்ரிப்பிள் நெகட்டிவ். இதுக்கு ஹார்மோன் மாத்திரையும் வேலை செய்யாது, ட்ராஸ்டுசுமாபும் வேலை செய்யாது. கீமோதான் முக்கிய ஆயுதம். இப்போ சில பேருக்கு இம்யூனோதெரபியும் சேர்க்கறாங்க, ஆனா அது ரொம்ப விலை. ஒரு நல்ல சேதி, இந்த வகைக் கட்டிகள் பலதும் கீமோவுக்கு நல்லாக் கரையும். இளவயசுல வந்தாலோ, ட்ரிப்பிள் நெகட்டிவா இருந்தாலோ, குடும்பத்துல வேற யாருக்காவது மார்பகத்துலயோ சினைப்பையிலயோ புற்று வந்திருந்தாலோ, பிராக்கா மரபணு டெஸ்ட் தேவையான்னு கேளுங்க. அந்த விடை நோயாளிக்கு மட்டும் இல்லை, அவங்க பிள்ளைகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

இப்போ அந்த வெயிட்டிங் ஹால் கேள்விக்கு வருவோம். அந்தக்காவுக்கு ட்ரிப்பிள் நெகட்டிவா இருந்திருக்கலாம், அம்மாவுக்கு ஹார்மோன் பாசிட்டிவா இருந்திருக்கலாம். 2018-ல டெய்லர்-எக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதுல இருந்தாங்க. எல்லாருக்கும் ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், அக்குள் நெறிகளுக்குப் பரவாத ஆரம்ப நிலைப் புற்று. கட்டியோட மரபணுக்களைச் சோதிச்சு ஒரு மதிப்பெண் போட்டாங்க. நடுத்தர மதிப்பெண் வந்தவங்கள்ல, கீமோவும் மாத்திரையும் எடுத்தவங்களுக்கும் வெறும் மாத்திரை எடுத்தவங்களுக்கும் மொத்தத்துல பெரிய வித்தியாசம் இல்லை. 50 வயசுக்குக் கீழ இருந்த சிலருக்கு மட்டும் கீமோவால ஓரளவு பலன் தெரிஞ்சுது. ஆக, கீமோ குடுக்கலைன்னா டாக்டர் அலட்சியமா இருக்கார்னு அர்த்தம் இல்லை. தேவையில்லாத விஷத்தை உடம்புல ஏத்தாம விடறதும் வைத்தியம்தான்.

அடுத்து எல்லாரையும் கலங்கடிக்கற கேள்வி. மார்பை முழுசா எடுக்கணுமா?

1890களில் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில வில்லியம் ஹால்ஸ்டெட்னு ஒரு சர்ஜன் இருந்தார். மார்பு, அதுக்கு அடியில இருக்கற தசை, அக்குள் நெறிகள் எல்லாத்தையும் சேர்த்து எடுக்கற ஆபரேஷனை அவர்தான் பரப்பினார். எவ்வளவு அதிகமா எடுக்கறோமோ அவ்வளவு பாதுகாப்புன்னு நம்பினாங்க. முக்கால் நூற்றாண்டுக்கு அதுதான் வழக்கம். 1970களில் ரெண்டு பேர் அதைச் சோதிச்சுப் பார்க்கத் துணிஞ்சாங்க. அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில உம்பெர்ட்டோ வெரோனேசி. ஒரு பிரிவுக்கு மார்பை முழுசா எடுத்தாங்க. இன்னொரு பிரிவுக்குக் கட்டியையும் சுத்தியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தாங்க. இருபது வருஷம் பின்தொடர்ந்து, 2002-ல ரெண்டு ஆய்வோட முடிவும் வெளியாச்சு. உயிர் பிழைச்சிருக்கறதுல ரெண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

இதை நிதானமா கேட்டுக்கோங்க. சின்னக் கட்டியா இருந்து டாக்டரும் சரின்னு சொன்னா, மார்பை முழுசா எடுக்கறதால ஆயுசு கூடறது இல்லை.

ஆனா நிபந்தனை உண்டு. கட்டியை மட்டும் எடுத்தா ரேடியேஷனையும் முடிச்சாகணும். ஃபிஷரோட ஆய்வுல, ரேடியேஷன் எடுத்தவங்கள்ல இருபது வருஷத்துல நூத்துக்கு 14 பேருக்கு அதே மார்புல திரும்ப வந்துச்சு. எடுக்காதவங்கள்ல 39 பேருக்கு. முன்னெல்லாம் அஞ்சு வாரம் தினமும் போகணும். இப்போ பலருக்கு மூணு வாரமே போதும்னு ஆயிடுச்சு. தேர்ந்தெடுத்த சிலருக்கு ஒரே வாரத்துல அஞ்சு தடவை குடுத்தாலே போதும்னு 2020-ல பிரிட்டன் ஆய்வு ஒண்ணு காட்டிச்சு. இன்னொண்ணு, எல்லாருக்கும் மார்பைக் காப்பாத்த முடியாது. மார்போட அளவுக்குக் கட்டி ரொம்பப் பெருசா இருந்தா, பல இடத்துல பரவலா இருந்தா, ஏற்கெனவே அந்த இடத்துல ரேடியேஷன் எடுத்திருந்தா, முழுசா எடுக்கறதுதான் வழி. அப்படி எடுத்தாலும் மறுசீரமைப்பு ஆபரேஷன் இருக்கு, அதைப் பத்தியும் முன்கூட்டியே கேட்கலாம்.

அக்குளுக்கும் இதே கதைதான். எல்லா நெறிகளையும் வழிச்சு எடுத்தா சில பேருக்குக் கை நிரந்தரமா வீங்கிடும். இட்லி மாவு குண்டானைத் தூக்கக்கூட முடியாது. அதனால ஆரம்ப நிலையில இருக்கறவங்களுக்குச் சாயம் செலுத்தி, புற்று முதல்ல போய்ச் சேரக்கூடிய ஒண்ணு ரெண்டு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கறாங்க. அதுல ஒண்ணும் இல்லைன்னா மத்ததைத் தொட வேண்டாம். இதுக்குப் பேரு சென்டினல் நோட் பயாப்ஸி. உங்க ஆஸ்பத்திரியில இந்த வசதி இருக்கான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சிகிச்சையோட வரிசையும் மாறும். ஹெர்-2 பாசிட்டிவ், ட்ரிப்பிள் நெகட்டிவ் ரெண்டுலயும் கட்டி ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ நெறிக்குப் பரவியிருந்தாலோ, பெரும்பாலும் முதல்ல மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன். "கட்டியை உள்ள வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல கீமோவா?"ன்னு வீட்ல பதறுவாங்க. ஆனா அதுல ரெண்டு லாபம். கட்டி சுருங்கினா மார்பைக் காப்பாத்தற வாய்ப்பு கூடும். மருந்துக்குக் கட்டி எப்படிக் கரையுதுன்னு கண்ணால பார்க்கவும் முடியும். ஆபரேஷன்ல மிச்சம் இருந்தா அதுக்கு ஏத்த மாதிரி அடுத்த மருந்தை மாத்துவாங்க. இதனாலதான் ஐஎச்சி ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி ஆபரேஷன் தேதியைக் குறிக்க அவசரப்படாதீங்கன்னு சொல்றேன்.

சரி, அப்போ எவ்வளவு நேரம் இருக்கு? டெஸ்ட் எல்லாம் முடிக்க, யோசிக்க, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்ட ரெண்டு மூணு வாரம் பொதுவா இருக்கும். நாளைக்கே பண்ணியாகணும்ங்கற அவசரம் பெரும்பாலும் கிடையாது. அதே சமயம் மாசக்கணக்குல தள்ளக்கூடாது. ரெண்டாவது கருத்து கேட்கப் போனா, பயாப்ஸி பண்ண லேப்ல ஸ்லைடும் பிளாக்கும் கேட்டு வாங்கிக்கோங்க. திரும்ப ஊசி குத்தத் தேவையில்லாம அதையே இன்னொரு லேப்ல படிக்க முடியும்.

இளவயசுப் பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கலாம். பின்னாடி குழந்தை வேணும்னு நினைச்சா, கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முட்டைகளையோ கருவையோ உறைய வெச்சுப் பாதுகாக்கலாம். அதுக்கு ரெண்டு வாரம் போதுமானதா இருக்கும். இதை டாக்டரே எடுத்துச் சொல்லுவார்னு காத்திருக்காதீங்க. கல்யாணம் ஆகலைங்கறதால சில இடங்கள்ல இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க.

பணம் பத்தியும் சொல்லிடறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல புற்றுநோய் சிகிச்சைகளும் வருது, வருமான வரம்புக்குள்ள இருக்கற குடும்பங்களுக்கு. சென்னையில அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து இருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சது, டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்க உழைச்சது. பணம் இல்லைங்கற காரணத்துக்காக சிகிச்சையே வேண்டாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அரசு மருத்துவமனைகளையும் இந்த மாதிரி இடங்களையும் போய்ப் பாருங்க.

கடைசியா, எந்த ரிப்போர்ட்லயும் வராத ஒரு விஷயம்.

என் சித்திக்கு அப்போ 54 வயசு. சங்கராபுரம் பக்கத்துல ஒரு கிராமம். கட்டி 1.8 சென்டிமீட்டர், ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். டாக்டர் ரெண்டு வழியையும் விளக்கினார். அறையில சித்தப்பா, மாமா, நான் எல்லாரும் இருந்தோம். சித்தியை வெளியில பெஞ்சுல உட்கார வெச்சிருந்தாங்க. "அவகிட்ட புற்றுன்னு சொல்ல வேண்டாம், நீர்க்கட்டின்னு சொல்லிக்கலாம்"னு மாமா. "வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு? எடுத்துடுங்க டாக்டர்"னு சித்தப்பா. ரெண்டு பேருமே சித்தி மேல உயிரையே வெச்சிருக்கறவங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, "அவங்களைக் கூப்பிடுங்க, அவங்க உடம்பு"ன்னார்.

சித்தி வந்து உட்கார்ந்தாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க. புற்றுங்கற வார்த்தையைக் கேட்டு அழலை. "பெஞ்சுல உட்கார வெச்சப்பவே தெரியும்"னாங்க. அப்புறம் அவங்க கேட்டது ஒரே கேள்வி. "கரண்ட் வைக்கறதுக்கு எத்தனை நாள் வரணும்?" மூணு வாரம், தினமும். சித்தி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாங்க. ஊர்ல ரெண்டு கறவை மாடு, படுத்த படுக்கையா மாமியார். சென்னையில மூணு வாரம் தங்க முடியாது. முழுசா எடுத்து, நெறியிலயும் ஒண்ணும் இல்லைன்னா தனக்குக் கரண்ட் தேவைப்படாதுன்னு டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க. "அப்போ எடுத்துடுங்க. எனக்கு அது தோது."

சித்தப்பா சொன்னதும் சித்தி சொன்னதும் ஒரே முடிவுதான். ஆனா சித்தப்பா சொன்னது, இனிமே அந்த மார்பு எதுக்குங்கற கணக்கு. சித்தி சொன்னது, தன்னோட நாளை எப்படி வாழணும்ங்கற கணக்கு. இன்னைக்கு மூணாவது வருஷமா லெட்ரோசோல் சாப்பிடறாங்க. முட்டி வலிக்குதுன்னு என்கிட்டதான் புலம்புவாங்க. ஆனா ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. எதுக்காகச் சாப்பிடறோம்னு அவங்களுக்குத் தெரியும். நீர்க்கட்டின்னு சொல்லியிருந்தா, நீர்க்கட்டிக்கு அஞ்சு வருஷம் யார் மாத்திரை சாப்பிடுவா?

அதனால ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் போறப்போ இந்தக் கேள்விகளை போன்ல குறிச்சுக்கோங்க. ஈஆர், பிஆர், ஹெர்-2 என்ன வந்திருக்கு? முதல்ல மருந்தா, ஆபரேஷனா, ஏன்? மார்பைக் காப்பாத்த முடியுமா, முடியாதுன்னா என்ன காரணம்? அக்குள்ல எவ்வளவு எடுப்பீங்க? கீமோ குடுத்தா எவ்வளவு பலன், குடுக்கலைன்னா எவ்வளவு நஷ்டம்? மொத்தம் எத்தனை நாள், எவ்வளவு செலவு? நாட்டு மருந்து எதாவது சாப்பிட்டா அதையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

இந்தக் கேள்விகளைக் கேட்கறப்போ, அம்மாவோ சித்தியோ அதே அறையில உங்க பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல, சிகிச்சை முடிஞ்சு வேலைக்குத் திரும்பறது பத்திப் பேசுவோம்.